பஸ் டிரைவர் டு மோட்டார் தயாரிப்பாளர்... ஜி.டி.நாயுடு போன ரூட்!

தர்மபுரி தொப்பூர் கணவாயில் லாரி ஓட்டுறீங்களா? 'காலம் முழுக்க ஸ்டீயரிங்தானா?'ங்கிற கேள்வி இருக்கா? அப்போ ஜி.டி.நாயுடு கதை உங்களுக்குத்தான்.

1893-ல் கோவை பக்கத்துல கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். ஸ்கூல் படிப்பு பிடிக்கலை. ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருத்தரோட மோட்டார் சைக்கிளைப் பார்த்து அசந்துபோனார். அதை வாங்குறதுக்காகவே கோவையில் ஹோட்டல் சர்வரா வேலைபார்த்து காசு சேர்த்தார். வாங்கினதும் பார்ட் பார்ட்டா பிரிச்சு, திரும்ப மாட்டினார். மெக்கானிசம் கத்துக்கிட்டது இப்படித்தான்.

1920-ல் ஒரே ஒரு பஸ். பொள்ளாச்சி - பழனி ரூட். டிரைவரும் அவரே! சில வருஷங்களில் அது யு.எம்.எஸ் என்ற பெரிய பஸ் கம்பெனி ஆச்சு. அதோடு நிற்கலை. 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, பீளமேட்டில் இந்தியாவின் முதல் எலெக்ட்ரிக் மோட்டாரைத் தயாரிச்சார். பிறகு, இளைஞர்களுக்காகத் தொழிற்கல்வி நிலையமும் தொடங்கினார். 1974-ல் மறைந்தார்.

வண்டியை ஓட்டினதோட அவர் விடலை. அது எப்படி ஓடுதுன்னும் பார்த்தார். அடுத்த தடவை உங்க வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிக்கும்போது, போனைப் பாக்கெட்டில் போட்டுட்டு மெக்கானிக் பக்கத்துல போய் நில்லுங்க!