கேம்பிரிட்ஜைப் பார்த்துவிட்டு வந்த பாதிரியார்

சித்திரை வருடப்பிறப்பன்று எமது சங்க மண்டபத்தில் ஆட்கள் கூடினால், கைவிசேஷம் வாங்கிய கையோடு ஒரு கேள்வி வரும். பிள்ளை எந்த யூனிவர்சிற்றிக்குப் போகப் போகுது? என்னுடைய மகளுக்கு இப்போதுதான் ஒன்பது வயது. அவளிடமும் கேட்கிறார்கள். நான் ஊரில் ஏ.எல். எழுதி இடம் கிடைக்காமல் நின்றவன். ஊரில் ஏ.எல். எழுதுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அரச பல்கலைக்கழகத்தில் இடமில்லை. அப்படி இடம் கிடைக்காதவனுக்கும் படிப்பு என்று ஒன்று இருக்கலாம் என எங்கட ஆட்கள் யோசிப்பதே இல்லை.

அதனால்தான் இம்முறை மலருக்கு, நாங்கள் வாழும் இந்த டென்மார்க்கில் 150 வருடங்களுக்கு முன் இறந்துபோன ஒரு பாதிரியாரைப் பற்றி எழுதுகிறேன். பெயர் என்.எப்.எஸ். குறுண்ட்விக். எங்கட பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அவருடைய பாட்டுக்களைப் பாடுகிறார்கள். ஏறக்குறைய 1500 ஞானப்பாடல்கள் எழுதியவர். ஆனால் நான் சொல்ல வந்தது பாட்டைப் பற்றி அல்ல.

1783ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆம் திகதி சீலண்ட் தீவின் தெற்கில் ஊட்பி என்ற கிராமத்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். ஒன்பது வயதில் வீட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள். நடு யூலாண்டில் இன்னொரு பாதிரியார் வீட்டில் தங்கிப் படிப்பு. இன்று எங்கட ஆட்கள் நிறையப்பேர் இருக்கிற பக்கம்தான். அப்போது வெறும் பற்றையும் மணலும். பிறகு ஓகூஸ் நகரத்தில் லத்தீன் பாடசாலை. மனப்பாடம், பிரம்பு, செத்துப்போன மொழியின் இலக்கணம். அந்த இரண்டு வருடத்தை அவர் சாகும்வரை மன்னிக்கவில்லை. 1800இல் கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகம், 1803இல் இறையியல் பட்டம்.

அந்தப் பல்கலைக்கழகம் 1479இல் தொடங்கியது. நாட்டின் பெரும்பகுதி சனம் தோட்டம் செய்கிற சனம். 1788 வரைக்கும் பண்ணை ஊரை விட்டு வெளியே போகவே அவர்களின் இளந்தாரிமாருக்கு உரிமை இருக்கவில்லை. மேலே லத்தீன் பேசுகிற சிலர், கீழே சனம். நடுவில் ஒன்றுமில்லை. 1814இல்தான் எல்லாப் பிள்ளைகளும் ஏழு வருடம் கட்டாயம் கற்க வேண்டும் என்று சட்டம் வந்தது.

குறுண்ட்விக் சண்டைக்காரர். 1825இல் ஒரு இறையியல் பேராசிரியரைத் தாக்கிப் புத்தகம் எழுதி, வழக்கில் தோற்று, 1837 வரை எதை அச்சிடுவதானாலும் தணிக்கைக்குக் கொடுக்க வேண்டி வந்தது. பாதிரியார் வேலையையும் விட்டார். அவர் செய்தது எல்லாம் சரியென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வேலை இல்லாமல் இருந்த அந்தக் காலத்தில்தான் அரசரின் உதவிப்பணத்தில் 1829, 1830, 1831 என்று மூன்று கோடை இங்கிலாந்துக்குப் போனார். பழைய ஆங்கிலக் கையெழுத்துப் பிரதிகளைப் பார்க்கத்தான் போனது. 1831இல் கேம்பிரிட்ஜில் ட்ரினிற்றிக் கல்லூரியில் தங்கினார்.

அங்கே அவருக்குப் பிடித்தது புத்தகசாலை மட்டுமல்ல. ஆசிரியரும் மாணவரும் ஒரே வளவில் வாழ்கிறார்கள், ஒரே மண்டபத்தில் சாப்பிடுகிறார்கள், சாப்பிட்டுக்கொண்டே கதைக்கிறார்கள். ஓகூஸில் பிரம்படி பட்ட மனிதனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் அந்தக் கல்லூரி மதிலுக்கு வெளியே இருந்த இங்கிலாந்தையும் பார்க்க வேண்டும். அதே காலத்தில், 1840ஐ ஒட்டி, அந்த நாட்டுக் கல்யாணப் பதிவில் மாப்பிள்ளைகளில் மூன்றில் ஒருவர் கையெழுத்துக்குப் பதில் புள்ளடி போட்டார். பொம்பிளைகளில் கிட்டத்தட்டப் பாதிப்பேர். கட்டாயக் கல்வி அங்கு நாடு முழுவதற்கும் 1880இல்தான் வந்தது. உலகத்தின் முதல்தரப் பல்கலைக்கழகங்கள் இரண்டு இருந்த நாட்டில் இது நிலைமை.

குறுண்ட்விக் பல்கலைக்கழகம் வேண்டாம் என்றவர் அல்ல. வடநாடுகள் எல்லாவற்றுக்குமாக யொத்தபோர்க்கில் ஒரு பெரிய பல்கலைக்கழகம் வேண்டும் என்று எழுதியவர். ஆனால் ஊருக்குத் திரும்பி வந்து அவர் மும்முரமாகக் கேட்டது வேறு. கேம்பிரிட்ஜின் அந்தச் சாப்பாட்டு மேசையைத் தோட்டக்காரரின் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்பதுதான் அதன் சாரம். 18 வயதுக்கு மேற்பட்ட இளந்தாரிமார் ஒரு வீட்டில் ஆசிரியரோடு தங்க வேண்டும். தாய்மொழி, நாட்டு வரலாறு, சட்டம், பாட்டு. பரீட்சை இல்லை, சான்றிதழ் இல்லை. 1835இலிருந்து அரசருக்கு ஆலோசனை சொல்லும் சபைகளில் தோட்டக்காரரும் உட்கார்ந்தார்கள். வாய் திறக்கத் தெரியாதவன் அங்கே போய் என்ன செய்வது?

சோறோ நகரத்தில் அப்படி ஒன்றைத் தொடங்க எட்டாம் கிறிஸ்தியான் அரசர் சம்மதித்தார். 1848 ஜனவரியில் அவர் இறக்க, அதுவும் போயிற்று. ஆனால் அதற்கு முன்பே, 1844இல், தெற்கு யூலாண்டில் ரோடிங் என்ற இடத்தில் கிறிஸ்தியான் புளோர் போன்றவர்கள் முதலாவது மக்கள் உயர்பாடசாலையைத் திறந்துவிட்டார்கள். நாங்கள் இங்கே ஹொய்ஸ்கோல என்று சொல்வது இதைத்தான். 1851இல் கிறிஸ்தன் கோல் என்ற செருப்புத் தைப்பவரின் மகன் இன்னொன்றைத் தொடங்கினார். 1864 யுத்தத்தில் தோற்று ரோடிங் ஜேர்மன்காரர் கைக்குப் போக, ஆசிரியர்கள் எல்லையைத் தாண்டி வந்து அடுத்த வருடமே அஸ்கோவில் பாடசாலையை வைத்தார்கள். இந்த இடத்தை வாசிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. காரணம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அதற்குப் பிறகு ஊருக்கு ஊர் பாடசாலை வந்தது. 1882இல் முதலாவது கூட்டுறவுப் பாற்பண்ணை வந்தபோது, ஒருவனிடம் எத்தனை மாடு இருந்தாலும் கூட்டத்தில் அவனுக்கு ஒரு வாக்குத்தான். கணக்குப் பார்க்கவும் கூட்டம் நடத்தவும் தெரிந்த தோட்டக்காரர் ஊரில் இருந்தபடியால் அது நடந்தது.

இப்போதும் கேம்பிரிட்ஜ் பட்டியல்களில் முன்னுக்கு நிற்கிறது. டென்மார்க்கில் அதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. ஆனால் 2022இல் நடந்த பிசா சோதனையில் 15 வயதுப் பிள்ளைகளின் கணிதப் புள்ளி பிரித்தானியாவுக்கு 489, டென்மார்க்குக்கும் 489. இதை ஒரு பெரியவருக்குச் சொன்னேன். சிரித்துவிட்டு, அப்ப மகளை லண்டனுக்கு விடுற யோசனை இல்லையோ என்று கேட்டார்.

என்னோடு வேலை செய்து போன வருடம் ஓய்வுபெற்ற டெனிஷ்காரர் ஒருவர் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவர். பத்தொன்பது வயதில் ஒரு குளிர்காலம் ஹொய்ஸ்கோலவில் தங்கியிருந்தார். தொழிற்சங்கக் கூட்டத்தில் மனேஜரை எதிர்த்து ஒப்பந்தத்தின் பிரிவுகளைச் சொல்லிச் சொல்லிக் கதைப்பார். ஏ.எல். படித்த நான் பின்வரிசையில் வாய் மூடி இருப்பேன். குறுண்ட்விக்கின் பெயரை முதன்முதல் எனக்குச் சொன்னவரும் அவர்தான், ஒரு தேநீர் இடைவேளையில்.

குறுண்ட்விக் 1872 செப்டெம்பர் 1ஆம் திகதி, 88 வயதில், வழக்கம்போல் பிரசங்கம் செய்தார். அடுத்த நாள் இறந்துவிட்டார். இன்று நாட்டில் 70க்கு மேற்பட்ட ஹொய்ஸ்கோலக்கள் இருக்கின்றன. இப்போதும் பரீட்சை இல்லை. எங்கட சங்கத்து இளையவர்களில் யாராவது போயிருந்தால், வருகிற ஆண்டு மலருக்கு அதைப் பற்றி எழுத வேண்டும்.