வாக்குகளை இழந்த நீதிபதி

நீதிபதிகளை வாக்காளர்களே தெரிவு செய்யும் வழக்கம் ஐக்கிய அமெரிக்காவின் பல மாநிலங்களில் நீண்டகாலமாக இருந்து வருகின்றது. பதவிக்காலம் முடிந்ததும் நீதிபதி மீண்டும் மக்கள் முன் செல்ல வேண்டும். வழங்கிய தீர்ப்பு ஊராருக்குப் பிடிக்காவிட்டால் பதவி பறிபோகும். இம்முறைமை பற்றிய விவாதங்களில் நாம் மறக்கலாகாத ஒருவர் அலபாமா மாநிலத்தின் ஜேம்ஸ் எட்வின் ஹோர்ட்டன்.

1878 இல் பிறந்த ஹோர்ட்டன் சட்டம் பயின்று, மாநிலச் சட்டசபையிலும் அங்கம் வகித்தவர். 1922 இல் வட அலபாமாவின் விசாரணை நீதிமன்றமொன்றுக்கு நீதிபதியாகத் தெரிவானார். 1928 இல் அவரை எதிர்த்து எவருமே போட்டியிடவில்லை. புரட்சி எதனையும் எண்ணியவரல்லர். தம் ஊரவரின் மதிப்பைப் பெற்ற, அமைதியான மனிதர்.

அவரிடம் வந்து சேர்ந்தது ஸ்கொட்ஸ்பரோ வழக்கு. 1931 மார்ச்சில் சரக்குப் புகையிரதமொன்றில் பயணித்த கறுப்பினச் சிறுவர்களும் இளைஞர்களுமாக ஒன்பது பேர், அதே வண்டியில் வந்த இரு வெள்ளையினப் பெண்களைப் பாலியல் வல்லுறவுக்கு உட்படுத்தியதாகக் கைது செய்யப்பட்டனர். சில வாரங்களுக்குள் எட்டுப் பேருக்கு மரண தண்டனை. அவர்களுக்கு முறையான சட்டத்தரணி உதவி கிட்டவில்லை எனக் கண்ட அமெரிக்க உயர் நீதிமன்றம், 1932 இல் அத்தீர்ப்புகளை இரத்துச் செய்தது. மறுவிசாரணை 1933 இல் டெக்காட்டர் நகரில் ஹோர்ட்டன் முன்னிலையில் ஆரம்பமாயிற்று.

முதலில் நிறுத்தப்பட்டவர் ஹேவூட் பற்றர்சன். முறைப்பாடு செய்த பெண்களுள் ஒருவரே சாட்சிக் கூண்டில் ஏறி, வல்லுறவு எதுவும் நடக்கவில்லை என்றார். பெண்களைப் பரிசோதித்த வைத்தியரின் சாட்சியமும் குற்றச்சாட்டுக்கு வலுச் சேர்க்கவில்லை. கைதிகளைக் கும்பலாக வந்து கொல்ல முனைவோர் சுடப்படுவர் என நீதிபதி மன்றிலேயே எச்சரிக்க நேர்ந்தது. இருந்தும், முழுவதும் வெள்ளையரைக் கொண்ட ஜூரி சபை பற்றர்சனைக் குற்றவாளியெனக் கண்டு மரண தண்டனையைத் தெரிவு செய்தது.

ஹோர்ட்டனை மாசற்றவராகச் சித்திரிப்பது நமது நோக்கமன்று. ஜூரர் பட்டியலில் கறுப்பினத்தவர் இடம்பெறாமையை எதிர்த்த விண்ணப்பத்தை அவர் நிராகரித்தார். அதே ஆட்சேபனையை உயர் நீதிமன்றம் 1935 இல் ஏற்றுக்கொண்டது. மற்றொரு வைத்தியர், அப்பெண்கள் வல்லுறவுக்கு உள்ளாகவில்லை எனத் தாம் நம்புவதாக அவரிடம் தனிமையில் தெரிவித்ததாகவும், தொழில் பாழாகிவிடும் என அஞ்சிச் சாட்சியமளிக்க மறுத்ததாகவும் ஹோர்ட்டன் பல ஆண்டுகளின் பின்னர் வெளியிட்டார். அவ்வைத்தியர் அதனை மறுத்தார். ஓர் உயிர் ஊசலாடும் வேளையில் அவரைக் கூண்டில் ஏற்றாது விட்டது சரியா என்ற கேள்வி நம்மை இன்றும் உறுத்துகின்றது.

ஆனால், 1933 ஜூன் 22 ஆம் திகதி ஏதென்ஸ் நகர நீதிமன்றில் அவர் வாசித்த கட்டளை அசாதாரணமானது. நண்பகலில், திறந்த வண்டியில், கூரான சரளைக் கற்களின் மீது ஆறு பேர் வல்லுறவு புரிந்தனர் என்றால், அப்பெண்ணின் உடலில் அதற்கேற்ற காயங்கள் எங்கே? அவரது கூற்றை உறுதிப்படுத்தும் வேறு சான்று எங்கே? இவ்வாறு ஒவ்வொன்றாக ஆராய்ந்து, ஜூரிகளின் தீர்ப்பை ஒதுக்கிப் புதிய விசாரணைக்கு உத்தரவிட்டார். மறு ஆண்டு தேர்தல். இதன் விலை என்னவென்பதை அவர் அறியாதவரல்லர்.

வழக்கு அவரிடமிருந்து வேறொரு நீதிபதியிடம் சென்றது. 1928 இல் எதிர்ப்பின்றித் தெரிவானவர், 1934 இல் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலிலேயே தோற்கடிக்கப்பட்டார். அந்நாளைய அலபாமாவில் அதுவே உண்மையான தேர்தல். வழக்கை நடத்திய சட்டமா அதிபர் தோமஸ் நைட்டோ, அதே ஆண்டு துணை ஆளுநராகத் தெரிவானார். நீதிபதி எவருடைய உயிரைக் காக்க முனைந்தாரோ, அவர்களின் இனத்தவருக்கு ஜூரி ஆசனமும் இல்லை. நடைமுறையில் வாக்குரிமையும் இல்லை. தோற்ற ஹோர்ட்டன் சட்டத் தொழிலுக்கும் விவசாயத்துக்கும் திரும்பினார். நீதிபதி ஆசனத்தில் மீண்டும் அமரவில்லை. 1973 இல் தமது 95 ஆவது வயதில் காலமானார்.

பற்றர்சன் மீண்டும் மீண்டும் விசாரிக்கப்பட்டு, 1936 இல் 75 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 1948 இல் சிறையிலிருந்து தப்பினார். வேறொரு வழக்கில் தண்டனை பெற்று 1952 இல் மிச்சிகன் சிறையில் இறந்தார். அலபாமா மாநிலம் அவருக்கு மன்னிப்பு வழங்கியது 2013 இல். ஹோர்ட்டனின் கட்டளைக்கு அப்போது வயது 80.