ரீமான்

ஒன்றாலும் தன்னாலுமன்றிப் பிற எண்ணால் வகுபடாத எண்ணைப் பகா எண் என்பர். 2, 3, 5, 7, 11 என வரும் அவ்வெண்கள் ஒழுங்கின்றி வருவன போலத் தோன்றும். அவற்றுள் மறைந்துள்ள ஒழுங்கை நாடிய அறிஞருள் தலைசிறந்தவர் பெர்ன்ஹார்டு ரீமான்.

இவர் ஜெர்மானிய நாடுகளுள் ஒன்றான ஹனோவரில், பிரெசலன்ஸ் என்னும் சிற்றூரில் 1826ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 17ஆம் நாள் பிறந்தார். தந்தையார் கிறித்தவ சமய குரு, எளிய வாழ்வினர். ரீமான் மிகுந்த கூச்சமும் நலிந்த உடலும் உடையவர். தம்மைப் போலவே மகனும் சமயப்பணி புரிதல் வேண்டும் எனத் தந்தையார் விரும்பினார். அவ்வாறே ரீமான் 1846இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். ஆயினும் அவர் உள்ளம் கணிதத்தையே நாடியது. தந்தையாரின் இசைவை வேண்டிப் பெற்ற பின்னரே அவர் கணிதத்துறைக்கு மாறினார். 1851இல் கணிதமேதை காஸின் மேற்பார்வையில் கலப்பெண் சார்புகளை ஆராய்ந்து பட்டம் பெற்றார்.

ஓர் எண்ணை இட்டால் மற்றோர் எண்ணை விடையாகத் தருவது சார்பு. விடை பூச்சியமாகும் இடங்கள் அதன் பூச்சியங்கள் எனப்படும். ரீமான் 1859இல் பேராசிரியரானார். அவ்வாண்டில் பெர்லின் அறிவியற் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. அதற்கு நன்றியாக, அவர் சில பக்கங்களே கொண்ட கட்டுரை ஒன்றை அனுப்பினார். ஆய்லர் முன்னர் ஆராய்ந்த சீட்டா சார்பைக் கலப்பெண்களுக்கும் விரித்து, அதன் பூச்சியங்களைக் கொண்டு பகா எண்களின் தொகையைக் கணிக்கலாம் என்று அதிற் காட்டினார். எதிர்க்குறி இரட்டை எண்களில் அமைந்த பூச்சியங்கள் நீங்கலாக, ஏனைய யாவும் மெய்ப்பகுதி 1/2 ஆகிய ஒரே நேர்கோட்டில் அமையக்கூடும் என்று கருதினார். அதனை நிறுவ முயன்றும் இயலாமையால் ஒதுக்கிவைத்ததை ஒளியாது எழுதினார். நிறுவியது வேறு, கருதியது வேறு எனப் பிரித்துரைத்த அந்நேர்மை போற்றத்தக்கது.

1862இல் திருமணம் செய்துகொண்ட சில திங்களிலேயே நோய் அவரைப் பற்றியது. உடல்நலம் நாடிப் பன்முறை இத்தாலி சென்றார். அங்கே மஜோரே ஏரியை அடுத்த ஊரில், 1866 ஜூலை 20ஆம் நாள், தமது 39ஆம் வயதில் உயிர் நீத்தார்.

அவர் கருத்து வெறும் ஊகமே என எண்ணினாரும் உளர். 1932இல் சீகல் என்னும் அறிஞர், கோட்டிங்கன் நூலகத்திலிருந்த ரீமானின் கைத்தாள்களை ஆராய்ந்து வெளியிட்டார். பூச்சியங்களைக் கணிக்கும் அரிய முறையும், கையாற் போட்ட கணக்குகளும் அவற்றில் இருந்தன. சொல்லிய சில பக்கங்களின் பின்னே சொல்லாத பேருழைப்பு மறைந்து கிடந்தது.

பின்னாளில் கணிப்பொறிகள் கோடிக்கணக்கான பூச்சியங்களை ஆராய்ந்தன. அவை யாவும் அக்கோட்டிலேயே அமைந்தன. எனினும், கோடி சான்றும் ஒரு நிறுவலுக்கு ஈடாகா. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளே கணித நிறுவனம் இதற்குப் பத்து இலட்சம் டாலர் பரிசு அறிவித்தது. நிறுவுவார் வரவை அக்கோடு இன்னும் எதிர்நோக்கி நிற்கின்றது. மாணவர்களே, அறிந்ததை அடக்கமாகவும் அறியாததை நேர்மையாகவும் உரைப்பதே கற்றவர்க்கு அழகு என்பதை ரீமானின் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.