வைத்தியர் மேரி இரட்ணமும் தாய்மாரின் தெரிவும்

குடும்பத் திட்டம் என்றதும் ஐயத்துடன் நோக்குவோர் எமது சமூகங்களில் இன்றும் உளர். அதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 1980களில் நிரந்தரக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டோருக்கு அரசாங்கமே பணம் வழங்கியது. வறுமையில் உழன்ற தோட்டத் தொழிலாளிப் பெண்ணொருத்தி அப்பணத்துக்காகத் தலையசைத்தால் அதனைச் சுதந்திரமான தெரிவு என்று கூறமுடியுமா? 2013இல் கிளிநொச்சி மாவட்டத்தின் சில கரையோரக் கிராமங்களில், தோலின் கீழ் பொருத்தப்படும் கருத்தடைச் சாதனம் போதிய விளக்கமின்றித் தாய்மாருக்குப் பொருத்தப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. 2019இல் குருநாகலில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் மீது சுமத்தப்பட்ட கருத்தடைக் குற்றச்சாட்டோ நிரூபிக்கப்படவே இல்லை. ஆயினும் அதனால் விளைந்த வெறுப்பு ஒரு சமூகத்தையே சுட்டது.

இந்நிலையில், இத்துறையில் இந்நாட்டின் முன்னோடியாக விளங்கிய ஒரு பெண்மணியின் வாழ்வை நாம் மீட்டுப் பார்ப்பது பொருத்தமானது.

மேரி ஹெலன் இர்வின் 1873இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிறந்தவர். பெண்கள் வைத்தியம் கற்பதே அரிதாயிருந்த காலத்தில் ரொறன்ரோவில் பயின்று வைத்தியரானார். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனின் வைத்தியப் பணிக்காகத் தெரிவுசெய்யப்பட்ட அவர், 1896இல் எஸ்.சி.கே. இரட்ணம் என்ற தமிழ்க் கிறிஸ்தவரை மணந்தார். அங்கேதான் சிக்கல் பிறந்தது. சுதேசியை மணந்த வெள்ளைப் பெண்ணை மிஷனரிகள் தம்மவராக ஏற்கத் தயங்கினர். அன்பைப் போதித்தோரின் அன்புக்கும் நிறம் இருந்தது போலும். யாழ்ப்பாணத்துக்கு வந்த வைத்தியர் இவ்வாறு கொழும்புக்குரியவரானார். பெண்களுக்கென இயங்கிய லேடி ஹவ்லொக் வைத்தியசாலையில் சிறிதுகாலம் பணியாற்றியபின் தனியாகவே வைத்தியம் செய்யத் தொடங்கினார்.

ஆண் வைத்தியரிடம் உடலைக் காட்டவோ நோயைச் சொல்லவோ கூசிய பெண்கள் எல்லாச் சமூகங்களிலும் இருந்த காலம் அது. பெண் வைத்தியரிடம் மட்டுமே வாய்திறக்கக்கூடிய தாய்க்கு, மருந்துக்கு முன் தேவைப்படுவது விளக்கம். மேரி இரட்ணத்தின் பிற்காலப் பணிகள் பலவற்றிலும் இவ்வெண்ணமே இழையோடுவதாக நாம் கருதுகிறோம். பாடசாலைகளுக்கெனச் சுகாதார நூல் எழுதினார். ஒன்ராறியோவின் கிராமப் பெண்கள் சங்கங்களை மாதிரியாகக் கொண்டு லங்கா மகிளா சமிதியை உருவாக்கி, போசாக்கும் சுகாதாரமும் கிராமத்துப் பெண்களைச் சென்றடையச் செய்தார். 1909இல் தோன்றிய தமிழ் மாதர் சங்கத்திலும், 1927இல் பெண்களின் வாக்குரிமைக்காக எழுந்த சங்கத்திலும் அவருக்குப் பங்குண்டு. 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண்ணும் அவரே. சட்ட நுணுக்கம் ஒன்றைக் காட்டி அந்த ஆசனம் பறிக்கப்பட்டது வேறு கதை.

அதே 1930களில்தான் கருத்தடை ஆலோசனையை அவர் பகிரங்கமாக முன்னெடுத்தார். சமயத் தரப்பினரின் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. இங்கு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். கணவன் கருத்தடையின் பொருட்டு அஸ்ல் செய்வதற்கு மனைவியின் சம்மதம் வேண்டும் என்பது இஸ்லாமிய சட்ட அறிஞர் பலரின் பழைய நிலைப்பாடு. பெண்ணின் சம்மதம் என்பது மேற்கிலிருந்து இறக்குமதியான கருத்தென எண்ணுவோர் இதனைக் கவனிக்கலாம்.

சம்மதம் என்பது படிவத்தில் இடும் கையொப்பம் மாத்திரமன்று. ஊசி மருந்தை நிறுத்தியபின் கருத்தரிக்கப் பல மாதங்கள் தாமதமாகலாம். மாதவிடாய் ஒழுங்கு குழம்பலாம். கையில் பொருத்தும் சாதனத்தை விரும்பிய வேளையில் அகற்றலாம், ஆனால் அதற்குப் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும். குழாய் கட்டும் சத்திரசிகிச்சையை நிரந்தரமானதென எண்ணியே செய்துகொள்ள வேண்டும். லூப், மாத்திரை, ஆணுறை ஆகியவற்றுக்கும் தனித்தனி நன்மை தீமைகள் உண்டு. இவற்றைத் தாயின் சொந்த மொழியில், அவசரமின்றி, கேள்வி கேட்க இடம்விட்டுச் சொல்லவேண்டும். ஒன்றும் வேண்டாம் என்று அவள் கூறினால் அதுவும் ஒரு தெரிவே. அதன்பொருட்டு அவளுக்குரிய வேறெந்தச் சிகிச்சையும் குறையக்கூடாது. தமிழ் பேசும் தாயிடம் தமிழ் தெரியாத உத்தியோகத்தர் கைச்சாடையால் விளக்குவதை ஆலோசனை என்று நாம் ஏற்கமுடியாது. கிளிநொச்சித் தாய்மாரின் முறைப்பாட்டில் அடங்கியிருந்த கேள்வியும் இதுதான்: சாதனம் நல்லதா கெட்டதா என்பதன்று, தமக்கு யார் எதைச் சொன்னார்கள் என்பதே.

1953இல் சில்வியா பெர்னாண்டோ முதலானோரின் முயற்சியால் குடும்பத் திட்டச் சங்கம் உருவானபோது மேரி இரட்ணம் எண்பதை எட்டியிருந்தார். 1958இல் பொதுச் சேவைக்கான மக்சேசே விருது அவரைத் தேடி வந்தது. 1962இல் அவர் மறைந்தார். குடும்பத் திட்டத்தை அரசாங்கம் தனது தாய் சேய் நலச் சேவையில் சேர்த்துக்கொண்டது அதற்கு மூன்றாண்டுகளின் பின்னரே.