கவிஞர் மகளும் கணிதப் பொறியும்

கணினிக்கு நிரல் எழுதுவது கலையா, வெறுந் தொழில்நுட்பமா என்பது அறிஞரிடையே நெடுநாளாக எழுந்துவரும் வினா. அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்ட் குனூத் 1974இல் டூரிங் பரிசு பெற்றபோது ஆற்றிய பேருரைக்கு இதனையே பொருளாகக் கொண்டார். கலையே என்பது அவர் முடிபு. எனினும், மின்கணினி தோன்றுதற்கு ஒரு நூற்றாண்டு முன்னர் வாழ்ந்த ஒரு பெண்மணியின் வரலாற்றிலிருந்து இவ்வினாவை அணுகுதலே தக்கதென நான் கருதுகின்றேன்.

ஏடா லவ்லேஸ் அம்மையார், ஆங்கிலக் கவிஞர் பைரன் பிரபுவின் மகளாக 1815 டிசெம்பர் 10ஆந் திகதி இலண்டனிற் பிறந்தார். குழந்தைக்கு ஒரு மாதம் நிரம்பிய அளவிற் பெற்றோர் பிரிந்தனர். சில மாதங்களுள் இங்கிலாந்தை விட்டு நீங்கிய பைரன், 1824இற் கிரேக்க நாட்டில் இறக்கும்வரை மகளை மீண்டுங் காணவேயில்லை. தந்தையின் கட்டற்ற கவியுள்ளம் மகளையும் பற்றிக்கொள்ளுமோ என்று அஞ்சிய தாயார், அதற்கு மருந்துபோலக் கணிதத்தை ஊட்டி வளர்த்தார். ஆனாற் கற்பனையைத் தடுக்க எந்தக் கணிதத்தால் இயலும்? பறவைகளின் சிறகுகளை ஆராய்ந்து பறக்கும் பொறியொன்றை அமைக்கத் திட்டமிட்டபோது அச்சிறுமிக்கு வயது பன்னிரண்டே. பின்னர் சின்னமுத்து நோயினால் நடக்க இயலாது நெடுங்காலம் நலிந்தபோதும் அவர் கல்வி தடைப்படவில்லை.

1833இல், தமது பதினேழாவது வயதில், சார்ள்ஸ் பபேஜ் என்னுங் கணித அறிஞரை அவர் சந்தித்தார். பற்சில்லுகளாற் கணக்கிடும் பொறியொன்றின் ஒரு பகுதி பபேஜின் இல்லத்தில் இருந்தது. பிறர் அதனை விந்தைப் பொருளாக நோக்க, ஏடாவோ அதன் உட்கருத்தை நாடினார். இரண்டாண்டுகளின் பின் மணம் புரிந்து, மூன்று மக்களுக்குத் தாயாகிய பின்னரும், டி மோர்கன் என்னும் பேராசிரியரிடம் உயர்கணிதம் பயின்றார்.

அக்காலத்திற் பபேஜ் பகுப்புப் பொறி என்னும் பெரும் பொறியைத் திட்டமிட்டிருந்தார். பட்டுத் தறியிற் பூவேலை செய்ய உதவிய துளையட்டைகளே இப்பொறிக்கும் ஆணையிடுவன. இதனைப்பற்றி மெனபிரேயா என்னும் இத்தாலியப் பொறியியலாளர் பிரெஞ்சு மொழியில் எழுதிய கட்டுரையை, ஏடா 1843இல் ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்டார். மூலத்திலும் ஏறக்குறைய மும்மடங்கு நீண்ட ஏழு குறிப்புக்களைத் தாமே அதனுடன் சேர்த்தார். பெயரின் முதலெழுத்துக்களை மாத்திரமே ஒப்பமாக இட்டார்.

அவற்றுள் இறுதிக் குறிப்பில், பேர்னூலி எண்களைப் பொறி கணிக்கும் முறை ஓர் அட்டவணையாக அமைந்துள்ளது. எவ்வெண்ணை எங்கிருந்து எடுப்பது, என்ன செய்வது, விடையை எங்கே வைப்பது, எப்பகுதியை மீளவும் நிகழ்த்துவது என்பனவெல்லாம் அதில் ஒழுங்காக உள்ளன. முதல் நிரல் இதுவே என்பர் பலர். பபேஜின் கையேடுகளில் அதற்கு முன்னரே இத்தகையன உண்டென மறுப்பர் சிலர். அவ்வழக்கில் நான் புகவில்லை. என் உள்ளத்தைக் கவர்வது வேறொரு குறிப்பு. ஒரே கணக்கைப் பல்வேறு ஒழுங்குகளிற் செய்யலாம். அவற்றுள் மிகக் குறைந்த நேரத்தில் முடிவதைத் தேர்தல் வேண்டும் என அங்கே அவர் உணர்த்துகின்றார். தேர்வு எங்கே உண்டோ அங்கே கலைக்கு வாயில் திறக்கின்றது.

விதிகளாற் கட்டுண்டதைக் கலையெனல் எவ்வாறு என்று வினவலாம். நம் வெண்பாவினுங் கடுமையான கட்டு எது? ஒரு தளை தட்டினும் வெண்பா கெடும். ஓர் எழுத்துப் பிழைப்பினும் நிரல் கெடும். ஏடாவின் அச்சிட்ட அட்டவணையிலேயே நான்காவது செய்கையில் வகுக்கும் எண்ணும் வகுபடும் எண்ணும் இடம் மாறி நிற்கின்றன. அங்ஙனமே பொறியில் இட்டால் விடை பிழைக்கும். ஆயினும், தளை தட்டாத செய்யுளெல்லாங் கவிதையாகிவிடுவதில்லை. நிரலும் அத்தகையதே. பிழையின்றி இயங்குவது செய்யுள். வேறெவ்வாறும் எழுதவொண்ணாது என்று கற்றோர் வியக்கும் எளிமையும் ஒழுங்கும் கைவந்தது கவிதை.

பொறி எதனையும் தானாகத் தோற்றுவிக்காது, நாம் ஆணையிட்டதையே செய்யும் என்பதும் ஏடாவின் கருத்து. 1950இல் அலன் டூரிங் இதனை எடுத்து மறுத்துரைத்தார். பொறிகளே நிரல் எழுதும் இக்காலத்தில் அவ்வழக்கு மேலும் வலுப்பெற்றுள்ளது. எனினும், பலவற்றுள் ஒன்றைச் சிறந்ததெனத் தெரிந்துகொள்ளும் சுவையுணர்வு நம்மிடம் அற்றுப்போமாயின், பொறி தந்ததெல்லாம் நமக்கு ஒன்றாகவே தோன்றும். மாணாக்கர் இதனை மறத்தலாகாது.

பகுப்புப் பொறி முற்றுப்பெறவேயில்லை. தாம் எழுதிய ஆணைகள் இயங்கக் காணாமலே, 1852 நவம்பர் 27ஆந் திகதி ஏடா புற்றுநோயால் மறைந்தார். தந்தையைப் போன்று அவருக்கும் அப்போது வயது முப்பத்தாறு. தம் விருப்பின்படியே ஹக்னல் என்னும் ஊர்த் தேவாலயத்தில் அத்தந்தையின் அருகே அடக்கஞ் செய்யப்பெற்றார். தாயார் அஞ்சிய கவியுள்ளம் ஏடாவை விட்டு நீங்கவில்லை; கணிதத்தினுள்ளே குடிபுகுந்து, பொறிக்கு ஆணையாக வெளிப்பட்டது என்பதே என் துணிபு.