மருத்துவர் டோனவன்

மக்கள் உடலைத் தாக்கும் பகைகளுள், கண்ணுக்குப் புலனாகும் பகையினும் புலனாகாப் பகையே கொடியது. பாயும் புலியைக் கண்டால் ஒதுங்கலாம்; சீறும் பாம்பைக் கண்டால் விலகலாம். ஆனால், குருதியினுள் புகுந்து, உறுப்புகளில் ஒளிந்து, சிறுகச் சிறுக உயிரைக் குடிக்கும் நுண்ணுயிரை எவ்வாறு காண்பது? எவ்வாறு விலக்குவது? அவ்வாறு மறைந்து நின்ற ஒரு கொடும்பகையைச் சென்னை மாநகரில் கண்டறிந்து உலகிற்குக் காட்டியவர் மருத்துவர் சார்லஸ் டோனவன் ஆவார்.

பிறப்பும் கல்வியும்

டோனவன் 1863ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் கல்கத்தாவில் பிறந்தார். அவருடைய தந்தையார் அயர்லாந்து நாட்டினர். இந்தியாவில் நீதிபதியாகப் பணிபுரிந்தவர். இளம்பருவத்தை இந்நாட்டில் கழித்த டோனவன், பின்னர்த் தம் பாட்டனார் வாழ்ந்த அயர்லாந்திற்கு அனுப்பப்பெற்றார். அங்குள்ள கார்க் நகரில் பயின்று, 1889இல் மருத்துவப் பட்டம் பெற்றார். தாம் பிறந்த நாட்டை அவர் மறந்தாரல்லர். 1891இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, மீண்டும் இந்நாட்டிற்கே வந்தார். சில ஆண்டுகள் படையினருடன் பல இடங்களில் பணியாற்றிய பின், 1898இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் உடலியல் பேராசிரியராக அமர்ந்தார். அரசினர் பொது மருத்துவமனையில் நோயாளரைக் காணும் பொறுப்பும் அவருக்கு இருந்தது.

கருங்காய்ச்சல்

அந்நாளில் வங்காளத்திலும் அசாமிலும் ஒரு கொடுங்காய்ச்சல் பரவி, ஊர் ஊராக மக்களை மாய்த்து வந்தது. அது கண்டவர்க்குக் காய்ச்சல் விட்டு விட்டு வரும், உடல் மெலியும், குருதி குன்றும், மண்ணீரல் வீங்கி வயிறு பருக்கும், மேனி கறுக்கும். மேனி கறுத்தலின் அதனைக் காலா அசார் என வடநாட்டார் வழங்கினர். கருங்காய்ச்சல் என நாம் அதனைக் கூறலாம். மருந்தின்றி விடப்பட்டால் நோயாளர் பிழைத்தல் மிக அரிது. சென்னை நகரின் சில பகுதிகளிலும் இந்நோய் காணப்பட்டது.

இது முற்றிய மலேரியாவே என மருத்துவர் பலர் கருதினர். ஆகவே, மலேரியாவைத் தீர்க்கும் கொயினாவையே இந்நோயாளர்க்கும் கொடுத்தனர். கொயினா பயன் தரவில்லை. நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுத்தல், இருட்டில் எய்த அம்பு போல்வதன்றோ? நாள்தோறும் தம் கண்முன்னே நோயாளர் நலிந்து மடிவதைக் கண்ட டோனவன், இதன் காரணத்தை அறிந்தே தீர்வது என உறுதி பூண்டார்.

கண்டறிந்த உண்மை

1903ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள், முற்றிய மலேரியாவால் இறந்தார் எனக் கருதப்பட்ட ஒருவரின் மண்ணீரலிலிருந்து சிறிது எடுத்து, அதனை டோனவன் நுண்பெருக்கியால் நோக்கினார். முட்டை வடிவில் மிகச் சிறிய உருவங்கள் பல அதனுள் காணப்பட்டன. அவை மலேரியாக் கிருமிகள் அல்ல என்பது அவருக்குத் தெளிவாயிற்று. ஆயினும் அவை யாவை? உயிருள்ள கிருமிகளா? இறந்த பின் உடல் சிதைவதால் தோன்றும் துகள்களா? ஐயம் தீரும்வரை உலகிற்கு எதனையும் உரைத்தல் தகாது என எண்ணி அவர் வாளா இருந்தார்.

இவ்வாறிருக்க, அவ்வாண்டு மே 30ஆம் நாள் இங்கிலாந்திலிருந்து ஒரு செய்தி வெளியாயிற்று. கல்கத்தாவை அடுத்த டம்டம் என்னும் இடத்தில் நோயுற்று, தாய்நாடு திரும்பி இறந்த படைவீரர் ஒருவரின் மண்ணீரலில் இத்தகைய உருவங்களை 1900ஆம் ஆண்டிலேயே கண்டதாக வில்லியம் லீஷ்மன் என்னும் மருத்துவர் எழுதியிருந்தார். அவற்றைச் சிதைந்துபோன வேறொரு கிருமியின் எச்சங்கள் என அவர் கருதினார்.

தாம் கண்டதையே பிறரொருவர் முந்தி வெளியிட்டதைப் படிக்கும்போது எவருக்கும் உள்ளம் சோர்தல் இயல்பு. டோனவன் சோர்ந்து அமரவில்லை. இறந்தார் உடலில் கண்டதை உயிருடன் உள்ளவர் உடலில் காணவேண்டும். அஃதொன்றே ஐயத்தைத் தீர்க்கும் என்று தெளிந்தார். அது எளிய செயலன்று. வீங்கிய மண்ணீரலில் ஊசியைச் செலுத்தும்போது உள்ளே குருதி கசிந்தால் நோயாளரின் உயிருக்கே ஊறு நேரும். ஜூன் 17ஆம் நாள், காய்ச்சலால் நலிந்த சிறுவன் ஒருவனது மண்ணீரலிலிருந்து அவர் மிக்க கருத்துடன் சிறிது குருதி எடுத்தார். நுண்பெருக்கியில் அவ்வுருவங்களே மீண்டும் தோன்றின. அவை சிதைவினால் வந்த துகள்கள் அல்ல, நோய்க்குக் காரணமான உயிர்களே என்பது இவ்வாறு உறுதியாயிற்று. ஜூலை 11ஆம் நாள் அவர் கட்டுரை இலண்டன் மருத்துவ இதழில் வெளிவந்தது.

பெயர் சூட்டல்

டோனவன் தம் கண்ணாடித் தகடுகளைப் பாரிசு நகரிலிருந்த இலாவெரனுக்கும், இங்கிலாந்திலிருந்த ரொனால்டு ராசுக்கும் அனுப்பினார். முன்னவர் மலேரியாக் கிருமியைக் கண்டவர். பின்னவர் அக்கிருமியைக் கொசு பரப்புவதை நிறுவி 1902இல் நோபெல் பரிசு பெற்றவர். முதலில் கண்டவர் யார் என்னும் வழக்கு எழுந்தது. ராசு அக்கிருமி முன்னர் அறியப்படாத புதுவகை எனக் கண்டு, 1903 நவம்பரில் அதற்கு லீஷ்மேனியா டோனவானி என்று பெயரிட்டார். இருவர் பெயரும் ஒரு பெயருள் இணைந்தன. வழக்கும் ஓய்ந்தது.

டோனவன் அத்துடன் நின்றாரல்லர். இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு எவ்வாறு செல்கின்றது என ஆராய்ந்தார். இரவில் குருதி குடிக்கும் ஒருவகை மூட்டைப் பூச்சியின் மீது அவர் ஐயம் கொண்டார். அவ்வெண்ணம் பிழையாயிற்று. மண் சுவர்களின் வெடிப்புகளிலும் மாட்டுத் தொழுவங்களிலும் வாழும் மணல் ஈயே இதனைப் பரப்புவது. கொசுவினும் சிறிய அவ்வீயே குற்றவாளி என்பதை 1942இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் என்னும் மூவர் அசாமில் ஐயமற நிறுவினர். இதற்கிடையே, கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி என்னும் பேரறிஞர், ஆண்டிமனி என்னும் உலோகத்தைக் கொண்டு 1920இல் யூரியா ஸ்டிபமைன் என்னும் மருந்தை ஆக்கினார். அதனால் எண்ணிறந்த உயிர்கள் பிழைத்தன.

மாறும் பகை

பகையை அறிந்தோம், மருந்தும் கண்டோம். இனிக் கவலை இல்லை என்று மக்கள் எண்ணினர். ஆனால், அக்கிருமி வாளா இருக்கவில்லை. பீகார் மாநிலத்தில் ஆண்டிமனி மருந்துகள் நாளடைவில் பலருக்குப் பயனற்றுப் போயின. காரணம் யாது?

நம் தமிழ்நாட்டில் விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர்பெற்ற ஊர். அங்குக் களிமண் கூழை அச்சில் வார்த்துப் பொம்மைகள் செய்வர். அச்சில் ஒரு சிறு கீறல் விழுந்தால், அதன்பின் வார்க்கும் பொம்மை ஒவ்வொன்றிலும் அக்கீறல் காணப்படும். கிருமியின் உயிரணுவிலும் மரபுப்பொருள் என்னும் அச்சு உண்டு. கிருமி இரண்டாகப் பிளந்து பெருகும்போது அவ்வச்சும் படியெடுக்கப்படுகின்றது. படியெடுக்கையில் ஓரோவழி எழுத்துப் பிழை போல ஒரு பிழை நேரும். பிழைகளுட் பல பயனற்றவை. சில கிருமிக்கே கேடானவை. மிகச் சில அதற்கு நன்மை தருபவை. மருந்தால் மற்றவை மடிய, நன்மை தரும் பிழையுடையவை மட்டும் பிழைத்துப் பெருகும். பொம்மையில் குறையாகத் தோன்றும் கீறல், கிருமிக்குக் கேடயமாகிவிடுகின்றது.

2016இல் ஆராய்ச்சியாளர், இந்தியாவிலும் நேபாளத்திலும் நோயாளரிடம் எடுத்த 204 கிருமி மாதிரிகளின் மரபுப்பொருளை முழுவதும் படித்து ஒப்பிட்டனர். சமவெளியில் பரவிய கிருமிகள் பெரும்பாலும் ஒன்றற்கொன்று மிக நெருங்கிய உறவின. அவை ஏறத்தாழ 1850ஐ ஒட்டிய காலத்தில் பரவத் தொடங்கியவை என்று கணித்தனர். நேபாள மலைப்பகுதிக் கிருமிகளோ அவற்றினின்றும் பெரிதும் வேறுபட்டிருந்தன. மருந்துக்கு அடங்காத ஒரு கூட்டத்தில், ஆண்டிமனி உட்புகும் வாயிலை அமைக்கும் மரபுப்பகுதியில் இரண்டே எழுத்துகள் மிகுந்திருந்தன. அவ்விரண்டு எழுத்துகளால் வாயில் பழுதுற்றது. மருந்து உட்புக இயலாமல் போயிற்று. மேலும், இந்தியாவில் உள்ளுறுப்புகளை அழிக்கும் இதே இனக் கிருமி, இலங்கையில் பெரும்பாலும் தோலில் மட்டுமே புண்ணை உண்டாக்குகின்றது. ஒரே குடியிற் பிறந்தும் வெவ்வேறு இயல்பு கொண்டு விளங்குகின்றது. இவ்வேற்றுமைகளை அறிந்தாலன்றிச் சரியான மருந்தைத் தேர்தல் அரிது. ஆண்டிமனிக்கு மாற்றாக வேறு மருந்துகள் இன்று வழங்கப்படுகின்றன. எனினும், விழிப்புத் தளர்ந்தால் அவற்றையும் இக்கிருமி வெல்லக்கூடும்.

இறுதிக் காலம்

டோனவன் பின்னர் இராயப்பேட்டை மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்னையில் தொண்டாற்றி ஓய்வுபெற்ற அவர், இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் அமைதியாக வாழ்ந்தார். வண்ணத்துப்பூச்சிகளின் ஆராய்ச்சி அவர் உள்ளம் கவர்ந்த பொழுதுபோக்காக இருந்தது. கண்ணுக்குப் புலனாகாத கிருமியைத் தேடிய அதே கண்கள், முதுமையில் மென்சிறகுகளின் அழகைக் கண்டு மகிழ்ந்தன. 1951 அக்டோபர்த் திங்களில், தம் எண்பத்தெட்டாம் வயதில் அவர் இயற்கை எய்தினார்.

மாணவர்களே! டோனவன் வாழ்வு நமக்கு உணர்த்துவது யாது? கண்டதை உடனே முழங்காமல் ஐயம் தீரும்வரை ஆய்ந்தார். பிறர் முந்தியபோதும் மனம் தளராது மெய்யை நிலைநாட்டினார். அவர் கண்ட கிருமி இன்றும் மாறிக்கொண்டே இருக்கின்றது. ஆதலின் அவர் தொடங்கிய பணியும் முடிந்துவிடவில்லை. அதனைத் தொடரும் கடமை, இன்று நுண்பெருக்கியை முதன்முதலாகக் கையில் எடுக்கும் இளைஞர்களுக்கு உரியது.