கொட்டகை கண்ட இசைச்செல்வர் கிட்டப்பா

சிற்றூர்களிலே விழாவையொட்டி நிகழும் இசையரங்குகளில் ஒரு வழக்கம் உண்டு. கீர்த்தனைகள் பாடி, தனியாவர்த்தனமும் ஓய்ந்தபின், கடைசி அரைமணி நேரத்திலேதான் நாடகப் பாடல்கள் தலைகாட்டும். அதுகாறும் பின்வரிசையிற் பொறுமையோடிருந்தோர் அப்பொழுது நிமிர்ந்து உட்காருவர். முன்வரிசை இரசிகரிற் சிலரோ சால்வையைச் சரிசெய்துகொண்டு புறப்பட ஆயத்தமாவர். சாஸ்திரீய சங்கீதம் வேறு, கொட்டகைப் பாட்டு வேறு என்னும் எண்ணம் அவ்வளவுக்கு நம்மிடையே ஊறிவிட்டது. அவ்வெண்ணத்தைக் காணுந்தோறும் எனக்குச் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவின் நினைவே வரும். இரண்டுக்கும் நடுவே வேலி ஒன்று உண்டென்பதைப் பாராட்டாமலே பாடிச் சென்றவர் அவர்.

1906ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் நாள், கங்காதர ஐயருக்கும் மீனாட்சி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். இயற்பெயர் இராமகிருஷ்ணன். செங்கோட்டை அக்காலத்திலே திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. 1956இலேதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பிள்ளைகள் பலர் நிறைந்த அவ்வீட்டிலே செல்வம் நிறைந்திருக்கவில்லை. பள்ளிக்கூடம் செல்லவேண்டிய வயதில், தமையன்மாரைப் போலவே அச்சிறுவனும் நாடக மேடை ஏறினான். குருவின் வீட்டிலிருந்து பன்னெடுங்காலம் சங்கீதம் பயிலும் பேறு அவனுக்கு வாய்க்கவில்லை. கொட்டகையே குருகுலமாயிற்று.

ஆனால், அக்குருகுலம் எளியதொன்றன்று. தமிழ் நாடகத்துக்குப் புத்துயிர் அளித்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) தம் நாடகங்களைப் பாட்டினாலேயே கட்டியெழுப்பினார். கர்நாடக இராகங்களோடு, பார்சி நாடகக் குழுக்களின் வழியே வந்த வடநாட்டு மெட்டுக்களும் அவற்றிலே கலந்தன. பின்பாட்டுக்காரர் பாட நடிகர் வாயசைக்கும் காலமன்று அது. பாடத் தெரியாதவனுக்கு இராசபார்ட் இல்லை. ஒலிபெருக்கி வழக்கத்துக்கு வராமையால், ஆர்மோனியத்தையும் மிருதங்கத்தையும் மீறிக்கொண்டு கடைசி வரிசைத் தரைச்சீட்டுக்காரன் காது வரை குரல் செல்லவேண்டும். அதுவும் விடியும் வரை! கிட்டப்பாவின் குரல் மேற்சுருதியிலே தங்குதடையின்றி உலவியது. அங்கே நின்றும் பிர்க்காக்களை உதிர்த்தது. தமையனார் காசி ஐயரின் ஆர்மோனியம் அக்குரலுக்கு உற்ற துணையாய் அமைந்தது. காட்சி ஜோடனைகளுக்குப் பெயர்பெற்ற கன்னையா கம்பெனியிலே, தசாவதார நாடகத்தின் மூலம் அவர் புகழ் ஊரெங்கும் பரவியது.

அவர் வாழ்விலே நம் நாட்டுக்கும் ஓரிடம் உண்டு. 1920களின் நடுப்பகுதியில், தென்னிந்திய நடிகர் கப்பலேறி வந்து கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஆடிச் செல்வது வழக்கமாயிருந்தது. அவ்வாறு கொழும்பு வந்தபொழுதே கிட்டப்பா, கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளோடு முதன்முறை இணைந்து வள்ளி திருமணம் நடித்தார். வெவ்வேறு ஊர் நடிகர் ஒத்திகையின்றி ஓரிரவிலே கூடி நடிக்கும் ஸ்பெஷல் நாடக முறையை அறிந்தவர்கள், அம்மேடையின் கடுமையையும் அறிவர். வேலனும் வள்ளியும் தருக்கம் புரியும் கட்டத்திலே, ஒருவர் எடுத்த பாட்டுக்கு மற்றவர் அந்தக் கணமே பாட்டினால் விடையிறுத்தாகவேண்டும். பாடாந்தரம் தளர்ந்தவர் சபையோர் முன்னே அகப்பட்டுக்கொள்வர். அங்கே எதிரெதிர் நின்ற இரு குரல்கள் பின்னர் வாழ்க்கையிலும் இணைந்தன. கிட்டப்பாவுக்கு முன்னரே கிட்டம்மாள் என்னும் மனைவி இருந்தார். இவ்விணைப்பு எவருக்கும் முழு நிம்மதியைத் தந்ததாகச் சொல்வதற்கில்லை. பிணக்கும் பிரிவும் நேர்ந்தன. ஆயினும் மேடையிலே அவ்விருவருக்கும் நிகரான இணை இல்லையென்றே மக்கள் கொண்டாடினர்.

அவர் குரலை நான் அறிந்தது இசைத்தட்டின் வாயிலாகவே. தியாகராஜரின் எவரனி என்னும் கீர்த்தனையை அவர் பாடிய தட்டு சங்கீத இரசிகரிடையே பெரும்பெயர் பெற்றது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும் அக்காலத் தட்டிலே ஆற அமரப் பாட இடமேது? ஆயினும் எடுத்த மாத்திரத்திலே இராகத்தின் உருவம் கண்முன் நிற்கிறது. அதே மனிதர் பாடிய நாடகப் பாடல்களையும் அடுத்துக் கேட்டேன். குரலிலே மாற்றமில்லை, சுருதியிலே தளர்வில்லை, இராகத்துக்குச் செய்யும் மரியாதையிலும் குறைவில்லை. கீர்த்தனைக்கு ஒரு சிரத்தை, கொட்டகைக்கு ஒரு சிரத்தை என அவர் வைத்துக்கொள்ளவில்லை.

ஓய்வறியா உழைப்பும் உடல்நலக் குறைவும் அவரை விரைந்து வென்றன. 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா மறைந்தார். வயது இருபத்தேழு. தமிழ்ப் பேசும்படம் பிறந்து ஈராண்டே ஆகியிருந்தது. அவர் உருவம் எந்தப் படத்திலும் பதியவில்லை. சுந்தராம்பாள் அன்றுமுதல் வெண்ணிற ஆடையே புனைந்தார். ஆடவரோடு இணைந்து நடிப்பதில்லை என உறுதிபூண்டார். 1935இல் வெளிவந்த பக்த நந்தனார் படத்திலே தாமே ஆண்வேடம் தாங்கி நந்தனாராக நடித்தார். 1980இலே தாம் மறையும் வரை அவ்விரதத்தை அவர் கைவிடவில்லை.

கிட்டப்பா போன்றோர் செய்த தொண்டின் அளவை நாம் இன்னும் உணர்ந்தோமில்லை. சபாக்களுக்குச் சீட்டு வாங்கிச் செல்ல இயலாத உழவனும் தொழிலாளியும் கரகரப்பிரியாவையும் காம்போதியையும் பெயரறியாமலே காதாலறிந்தது கொட்டகையிலேதான். அம்மரபு யாழ்ப்பாணத்திலும் வேரூன்றியமையாலன்றோ காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து (1924-1989) தம் வசந்த கான சபையினரோடு ஊரூராகச் சென்று மயான காண்டம் ஆட, விடியும் வரை மக்கள் விழித்திருந்தனர்!

ஆதலால், விழா நடத்துவோரிடம் எனக்கொரு விண்ணப்பம் உண்டு. நாடகப் பாடலைக் கடைசியிலே வழங்கும் வெற்றிலை பாக்காக எண்ணாது, அரங்கின் நடுவிலேயே வைப்பீர்களாக. இன்ன இராகம், இன்ன நாடகம், இயற்றியவர் இன்னார் என அறிவித்துப் பாடச் செய்வீர்களாக. இசை பயிலும் மாணவர் அதனைக் கேட்டு, கொட்டகையிலே வளர்ந்ததும் தம் பாடத்தின் ஒரு பகுதியே எனத் தெளிவர். இளமையிலே அவிந்த அப்பெருங்குரலுக்கு நாம் பட்டிருக்கும் கடன் அதுவாவது தீரட்டும்.